உள்ளம் கொண்டவனுக்கு ஒரு கையறுநிலை

மலையே, அருணை மலையே, உன்னை நோக்கி அழாமல் யாம் வேறு எவரை நோக்கி அழுவது? தந்தையைத் தேடிச் செல்வதாக எழுதிவைத்து வீடு துறந்த பதினாறு வயதுப் பிள்ளை, பின்னாளில் இரமணன் எனப்பட்டவன், உன்னிடமே வந்தான். 1896 செப்டம்பர் 1 அன்று வந்தவன், ஐம்பத்து மூன்று ஆண்டும் ஏழு திங்களும் உன் நிழலை விட்டு ஒரு நாளும் நீங்கவில்லை. பாதாள லிங்கத்தின் இருளில் பூச்சிகள் தொடையை அரிக்க இருந்தான், மாந்தோப்பில் இருந்தான், விரூபாட்ச குகையில் இருந்தான், கந்தாசிரமத்தில் இருந்தான், கடைசியில் உன் அடிவாரத்தில் அமர்ந்தான். பெற்றவள் வந்து கதறிய நாளிலும் உன் மடியிலிருந்து இறங்கவில்லை. அவனை உன்னிடமிருந்து பிரிக்க எவராலும் இயலாதிருந்தது.

1950 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, இரவு 8 மணி 47 நிமிடம். அறைக்கு வெளியே கூடியிருந்தோர் அவன் உன்மேல் பாடிய அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டிருந்தனர். கண்களைச் சற்றே திறந்தான். கடைக்கண்ணில் நீர் வழிந்தது. ஒரு மூச்சு வந்தது, மறுமூச்சு வரவில்லை. அவ்வேளையில் வானத்தே ஓர் ஒளி மெல்ல நகர்ந்து உன் முகட்டின் பின்னே மறைந்ததைப் பலர் கண்டனர். அங்கு வந்திருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோனும் கண்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். நீ அவ்வொளியை வாங்கிக்கொண்டு வாளா நின்றாய். உனக்கு அது பொருந்தும். எமக்குப் பொருந்துமோ?

தமிழ் அழக் கற்ற மொழி. பாரி மாய்ந்தபின் பறம்பை நோக்கிக் கபிலர் அழுதார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டபின், அவனில்லாத உறையூரைக் கண்டு பொத்தியார் அழுதார். அவர்கள் இழந்தது கொடுத்தவர்களை. தேர் கொடுத்தவன் போனான், களிறு கொடுத்தவன் போனான் என்று பாணன் யாழைத் தரையில் வைத்துவிட்டு அழுதால், அதன் காரணம் ஊருக்கே விளங்கும். எம் துயர் அவ்வாறு விளங்குவதன்று. எம் தலைவனிடம் இருந்தவை ஒரு கோவணம், ஒரு கமண்டலம், ஓர் ஊன்றுகோல். கொடுப்பதற்கென்று எதையும் வைத்திருக்கவில்லை. அவன் வாங்கிக்கொள்ள வந்தவன். அரசு அலுவலர் வந்தாலும், ஆடு மேய்ப்போர் வந்தாலும், கடல் கடந்து வெள்ளையர் வந்தாலும், அவரவர் மனத்தையே கேட்டான்; அதையும் வாய்திறந்து கேட்டது குறைவு. கொடுத்தவர் போனால் அழும் முறையைச் சான்றோர் வகுத்துவைத்தனர். எம்மிடமிருந்து வாங்கியவன் போனான்; வாங்கிய பொருளைத் திருப்பித் தராமலே போனான். இதற்கு எந்தத் துறையில் பாடுவது?

ஒரு துணை உண்டு, பிசிராந்தையார். பாண்டிநாட்டில் இருந்துகொண்டே, ஒரு முறையும் காணாத சோழனை உயிர்த்தோழனாகக் கொண்டவர். மனம் ஒன்றே அவ்விருவர்க்கும் நடுவே வழியாயிற்று. சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார் என்றான், சுற்றியிருந்தோர் ஐயுற்றனர், அவர் வந்தார், உடன் இருந்து உயிர்நீத்தார். நட்புக்குக் கண் வேண்டா என்பதற்கு அதற்குமேல் சான்று இல்லை. எம் தலைவனும் பாண்டிநாட்டுப் பிள்ளை. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவன். யாமோ அவனைக் கண்ணால் காணாத தலைமுறை. ஆந்தையாரேனும் சோழன் உயிரோடிருக்கும் பொழுதே சென்று சேர்ந்தார். யாம் வந்து சேர்ந்தது கல்லிடம்.

மதுரையே, நீ சொல். மீனாட்சி கோயிலில் அறுபத்துமூவர் வரிசையின் முன்னே மாலைதோறும் வந்து நின்று அழுத பள்ளிப் பிள்ளையை உன் தூண்கள் அறியும். அதற்குச் சில காலம் முன்பு அவன் கைக்குப் பெரியபுராணம் கிடைத்தது. அவன் படித்த முதற் பக்திநூல் அது. இப்படியும் மனிதர் இருந்தனரா என்று வியந்தான். பின் 1896 சூலையில், சிற்றப்பன் வீட்டு மாடியில், நோயேதும் இல்லாத உடம்பில் மரண அச்சம் திடீரென வந்தது. அவன் ஓடவில்லை, மருத்துவனை அழைக்கவில்லை, கை கால்களை நீட்டிப் பிணம்போல் கிடந்து, சாவது எது, சாகாமல் இருப்பது எது என்று பார்த்தான். அரை மணிக்குள் காரியம் முடிந்தது. காட்டில் பல்லாண்டு தவமிருந்தும் கிட்டாதது, ஆங்கில இலக்கணப் பாடம் எழுதாத ஒரு மாணவனுக்கு அரை மணியில் வாய்த்தது.

முன்பெல்லாம் நண்பரோடு எப்போதாவது கோயிலுக்குப் போனவன், மனம் விழுந்த அந்நாளுக்குப் பிறகே நாள்தோறும் போனான். போய் நாயன்மார் முன் நின்று கண்ணீர் பெருக்கினான். அவர்களைப்போல் எனக்கும் அருள்க என்று வேண்டிய நாளும் உண்டு; எதையும் வேண்டாது நின்று அழுத நாளே மிகுதி. மனம் செத்தவன் அழுவானா? அழுதால் அழுதது எது? எம் கையறவின் வேர் இக்கேள்வியில் இருக்கிறது. அறிஞர் பலர் இதனைக் கடந்து விரைந்து போய்விட்டனர். யாம் இங்கே நின்றுவிட்டோம்.

அவ்வரிசையில் திருநின்றவூர்ப் பூசலாரும் நிற்கிறார். இறைவனுக்குக் கற்றளி எடுக்க விரும்பினார், கையில் காசில்லை, கேட்ட இடத்திலும் கிடைக்கவில்லை. மனத்தில் கட்டத் தொடங்கினார். மனத்தில் என்றால் ஒரு நொடியில் கட்டிவிடவில்லை. சேக்கிழார் அதைச் சொல்லும் முறை கவனிக்கத்தக்கது. நிதி சிறுகச் சிறுகத் திரட்டினார், கல்லும் மரமும் தேடினார், தச்சரை அமர்த்தினார், நல்ல நாள் பார்த்து அடிநிலை வைத்தார், இரவும் உறங்காமல் படை படையாக ஏற்றினார், சிகரம் வைத்தார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளம் தொட்டார், குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் காடவர்கோன் தன் பெருங்கற்றளிக்கு நாள் வைத்திருந்தான். இறைவன் கனவில் வந்து, நாளை பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும், நீ வேறு நாள் பார் என்றான். அரசன் திருநின்றவூர் வந்து அக்கோயில் எங்கே என்று கேட்டான். ஊரார்க்குத் தெரியவில்லை.

மனத்தைப் பழித்துரைக்கும் நூல்கள் ஏராளம். பேய் என்றும் குரங்கு என்றும் ஏசுவர். காற்றைப் பிடிப்பதுபோல் அரிது என்று அருச்சுனன் முறையிட்டதைக் கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. கண்ணன் அதை மறுக்கவில்லை. பயிற்சி, பற்றின்மை என்று இரண்டைச் சொல்லி அமைந்தான். சித்தத்தின் அசைவுகளை நிறுத்துவதே யோகம் என்று தொடங்கிய பதஞ்சலியும், ஈசுவரனிடம் தன்னை ஒப்படைப்பதும் அதற்கு வழி என்று ஒரு சிறு வாசலைத் திறந்துவைத்தார். அவருக்கு அது பக்க வாசல். தமிழ்நாட்டு அடியார்க்கு அதுவே இராசகோபுரம். பூசலார் தம் மனத்தை அடக்கப் பார்க்கவில்லை. அதனிடம் வேலை வாங்கினார். கல் சுமக்க வைத்தார், சுதை பூச வைத்தார். அவ்வளவு வேலை இருந்த மனத்திற்கு அலையப் பொழுதேது? கட்டி முடிந்தபின் கட்டியவன் யான் என்று சொல்லவும் அங்கே யாரும் இல்லை. அரசன் வந்து கேட்டபோது அவரே வியந்து மருண்டார். பக்தியோகத்தில் மனத்தின் இடம் இது என்று கருதுகிறோம். அழிக்கவேண்டிய பகையாக அங்கே அது தொடங்குவதில்லை. அடியவன் கையில் இருக்கும் ஒரே கருவி அது. படைப்பதற்கு இருக்கும் ஒரே பொருளும் அதுதான். படைத்தபின் படைத்தவனும் அதோடு போய்விடுகிறான்.

எம் தலைவன் இதனைப் படிப்படியாக எழுதியும் வைத்தான். 1927இல் முருகனார் என்னும் புலவர், தாருகாவன முனிவர் செருக்கழிந்த கதையை உந்திபறக்கும் மகளிர் பாட்டாகப் பாடிவந்தார். சிவன் அம்முனிவர்க்கு உபதேசிக்கும் இடம் வந்ததும் அவர் எழுதுகோல் நின்றது. சிவன் சொல்லவேண்டியதை நான் எப்படிச் சொல்வது என்று மலையடிவாரத்தில் இருந்தவனிடம் வேண்டினார். அவ்வாறு பிறந்தது உபதேச உந்தியார், முப்பதே பாட்டு. பலன் கருதாது இறைவனுக்கென ஆற்றும் செயல் கருத்தைத் தூய்மையாக்கும். பூசை உடலின் தொழில், செபம் வாக்கின் தொழில், தியானம் மனத்தின் தொழில், ஒன்றினும் ஒன்று உயர்ந்தது என்று அங்கே வரிசை வைக்கிறான். உரத்துத் துதிப்பதினும் உதட்டளவில் முணுமுணுத்தல் மேல். அதனினும் மனத்துள் நிற்றல் மேல். ஒலிபெருக்கி கட்டி இறைவனை அழைக்கும் எம் காலத்தார் அவ்வரிசையைத் தலைகீழாகப் படித்திருக்க வேண்டும்.

விட்டுவிட்டு நினைப்பதினும் அறாமல் ஒழுகும் நினைவு சிறந்தது என்றான். இறைவனை வேறாக நினைப்பதினும் வேறன்று என நினைப்பது சிறந்தது என்றான். அந்நினைப்பும் தேய்ந்து, நினைக்கும் மனம் தான் எழுந்த இடத்திலேயே போய் அமர்வதற்குப் பரபக்தி என்று பெயர் கொடுத்தான். அவ்விடத்தில் அமர்தலே கன்மமும் பக்தியும் யோகமும் ஞானமும் என்று நான்கு வழக்காளிகளையும் ஒரே தீர்ப்பில் அனுப்பிவைத்தான். மூச்சை அடக்கினால் மனம் அடங்கும். ஆனால் ஒடுங்குதல் வேறு, மாய்தல் வேறு என்று எச்சரித்தான். இதற்கு அவன் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி, தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவரச் சீடனை அனுப்பிவிட்டு நிட்டையில் ஆழ்ந்தான். தலைமுறைகள் கழிந்தன, அரசுகள் மாறின, ஆறு வழி மாறிற்று. கண் விழித்த யோகி முதலில் கேட்டது: தண்ணீர் எங்கே? அத்தனை காலமும் தாகம் உள்ளேயே காத்திருந்தது. மனம் உறங்கிற்று, இறக்கவில்லை.

அப்படி மனம் இறந்தவன் என்று யாவரும் வணங்கிய எம் தலைவன், கூடத்தில் பெரியபுராணம் படிக்கத் தொடங்கினால் கண்ணப்பர் கதையிலே குரல் அடைக்கும். கண்ணீர் ஏட்டின்மேல் விழும். நூலை மூடி வைத்துவிடுவான். படிப்பு அன்றைக்கு அவ்வளவுதான். மதுரையில் அழுத பிள்ளையே முதுமையிலும் அழுதான். மனம் மாய்வது என்றால் உருக்கமும் மாய்வது என்று எண்ணி வந்த வேதாந்திகள் பலர் அக்கூடத்தில் திகைத்திருப்பர். எனது என்று இறுகும் மனமே அவனிடம் இல்லாதது. இறுக்கம் போன இடத்தில் உருகுவதற்குத் தடை இல்லை. வறண்டவரை ஞானியர் என்று கொண்டாடும் வழக்கத்தை இனியேனும் விடலாம்.

அட்சரமணமாலை பிறந்த கதையும் இதற்குத் துணை. விரூபாட்ச குகையில் இருந்தபோது தொண்டர் ஊருக்குள் சென்று பிச்சை எடுத்துவருவர். பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டனர். நூற்றெட்டுக் கண்ணி பாடிக்கொடுத்தான். கிரிவலம் வரும் வழியில் கண்ணீரோடு பிறந்தவை சில என்பர். தலைவனை நோக்கித் தலைவி ஊடியும் இரந்தும் ஏசியும் சொல்லும் சொற்கள் அவை. ஊரார் அப்பாட்டைக் கேட்டதும் குகைச் சாமியின் ஆட்கள் வருகின்றனர் என்று அரிசியோடு வாசலில் நிற்பர். சோற்றுக்காகப் பாடிய பாட்டு அது. முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து, அதுவே அவன் இறுதி மூச்சுக்கும் துணை நின்றது.

கைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இறக்கும் உயிரின் மனம் எளிதில் அடங்காது. பல பிறவி வாசனைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து முட்டும். குகைக் காலத்துத் தொண்டர் பழனிசாமி இறக்கும் தறுவாயில் அவன் அவர் நெஞ்சில் கை வைத்திருந்தான். துடிப்பு அடங்கிற்று, முடிந்தது என்று எண்ணிக் கையை எடுத்தான், எடுத்த கணமே கண் திறந்து உயிர் அவ்வழியே போயிற்று. பின்னாளில் அவனே இதைச் சொல்லியிருக்கிறான்.

ஆகவே 1922 மே 19 அன்று, அன்னை அழகம்மாள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அவன் கையை எடுக்கவில்லை. ஒரு கை நெஞ்சில், ஒரு கை தலையில். காலை தொடங்கி இரவு வரை அசையாதிருந்தான். அவள் யார்? 1898இல் மலைக்கு வந்து, வீட்டுக்கு வா என்று அழுது, வெறுங்கையோடு திரும்பியவள். பின் மகனோடே இருக்க வந்து, மலையில் அடுப்பு மூட்டியவள். ஆசாரம் விடாதவள், வெங்காயமும் முருங்கைக்காயும் முத்திக்கு எவ்வளவு பெரிய தடை என்று மகன் கேலி செய்ய, அக்கேலியையும் பொறுத்தவள். அவளது நெஞ்சில் எத்தனை வெங்காயம், எத்தனை முருங்கைக்காய், எத்தனை பிள்ளைப்பாசம் அன்று எழுந்து எழுந்து அடங்கினவோ. எல்லாம் அடங்கி, அதன்பிறகும் சற்றுப் பொறுத்தே கையை எடுத்தான். பிள்ளை பெற்றவளுக்குச் செய்யும் கடன்கள் பல உண்டு. இத்தகையதை எந்தப் பிள்ளையும் செய்து யாம் கேட்டதில்லை.

1948 சூன் 18 அன்று பசு இலட்சுமி இறக்கும் தறுவாயில் கிடந்தது. அதன் அருகே தரையில் அமர்ந்து, அதன் தலையைத் தாங்கி, நெஞ்சில் கை வைத்தான். மாட்டுக்கு மனம் உண்டா என்று கேட்போர் தொழுவத்தில் சில நாள் வாழ்ந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அக்கைகளுள் இடக்கையில், முழங்கையருகே, சிறு கட்டி ஒன்று தோன்றியது. 1949 பிப்ரவரியில் அறுத்தனர், மீண்டும் வளர்ந்தது, மார்ச்சில் அறுத்தனர். அந்த மார்ச்சு மாதத்திலேதான் அன்னையின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் குடமுழுக்கு. அடிவாரத்தில் கற்கோயில் எழ, அவன் கையில் புற்று எழுந்தது. காடவர்கோனுக்குக் கனவில் வந்து நாளை மாற்றச் சொன்ன இறைவனே, அவ்வாண்டு எங்கே போயிருந்தாய்? இங்கும் ஒருவன் உனக்கு உள்ளத்திலே கோயில் எடுத்திருந்தான் அல்லவா? நாள் ஒன்று தள்ளி வைக்கக் கூடாதா?

நான்கு முறை கத்தி பட்டது. நான்காவது 1949 டிசம்பரில். கையையே எடுத்துவிடலாம் என்றனர் மருத்துவர், வேண்டா என்றான். இவ்வுடம்பே ஒரு நோய், அதற்கு வந்த நோய்க்கு இத்தனை கலக்கம் ஏன் என்னும் கருத்தே அவனுடையது. சித்த மருந்து கொண்டுவந்தோர் இட்டனர். ஓமியோபதி கொடுத்தோர் கொடுத்தனர். யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கவில்லை. எதுவும் வேண்டுமென்று கேட்கவும் இல்லை. வலி இல்லை என்று பொய் சொல்லவும் இல்லை. உடம்புக்கு வலி உண்டு. அதை அறிந்தபடி இருந்தான். மருந்து அவனுக்கா, மருந்து கொண்டுவந்தவர் மனத்துக்கா என்று ஐயுறுகிறோம். அவர் மனம் அமைதியடைய அவன் தன் கையைக் கொடுத்து வைத்தான் போலும். கடைசி நாட்களிலும் வருவோர் தன்னைக் காணத் தடை கூடாது என்றான். சிற்றறையின் வாசல் வழியே வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவர்மேலும் கண் ஒரு கணம் தங்கிற்று. அந்நாட்களில் மயில் அகவும் ஒலி கேட்டு, அதற்குத் தீனி போட்டாயிற்றா என்று கேட்டான் என்பர். பிறர் நெஞ்சிலும் தலையிலும் கை வைத்து மனம் அடக்கியவனின் நெஞ்சில் கை வைக்க எவரும் இல்லை. வேண்டியிருக்கவில்லை என்பது நூலார் விடை. அவ்விடை சரியே. சரியான விடையால் கண்ணீர் நின்றதாக எங்கும் கேட்டதில்லை.

போகிறேன் என்கின்றனர், எங்கே போவது, இங்கேதானே இருக்கிறேன் என்பது அவன் சொன்னதன் பொருள். ஐயனே, உன் சொல்லை மறுக்கும் துணிவு எமக்கில்லை. ஆயினும் கேள். உருவம் இன்றி மனம் நில்லாது என்பதால்தானே பூசையை முதற்படியில் வைத்தாய்? விடியுமுன் அடுக்களையில் அமர்ந்து காய் நறுக்கிய கையை மனம் தேடுகிறது. தரையில் சிந்திய அரிசி மணியைக் குனிந்து பொறுக்கிய முதுகைத் தேடுகிறது. தோளேறிய அணிலை அசையாமல் சுமந்த பொறுமையைத் தேடுகிறது. மலைக்குரங்குகளின் வழக்கைத் தீர்த்துவைத்த நடுவனைத் தேடுகிறது. சாய்ந்திருந்த கட்டில் இருக்கிறது. அதன்மேல் உன் படம் இருக்கிறது. கைத்தடியும் கமண்டலமும் இருக்கின்றன. வருவோர் அவற்றைக் கண்டு தொழுகின்றனர். பாரி போனபின் பறம்பில் சுனை நீர் வற்றிவிடவில்லை. கபிலரை வருத்தியதும் அதுதான்.

வேதாந்தம் பயின்ற ஒரு சிலர் வந்து எமக்கு ஆறுதல் கூறினர். உடம்பை அவன் என்று கொண்டதால் வந்த துயர் இது, அழுவது அறியாமை என்றனர். அவரிடம் வழக்காட விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்லிவைப்போம். நாரதர் தம் பக்திச் சூத்திரத்தில் பக்தி ஒன்றே பதினொரு வடிவாக விளங்கும் என்று எண்ணி, பதினொன்றாவதாகக் கடைசியில் வைத்தது, பிரிவைத் தாங்காத பெருந்துயரை. தொண்டைச் சொன்னார், நட்பைச் சொன்னார், தாய்மையைச் சொன்னார், தன்னையே கொடுத்தலைச் சொன்னார்; எல்லாவற்றுக்கும் பின்னே இதைச் சொன்னார். காரணம் பிரிந்தவர்க்கு விளங்கும். அருகில் இருந்தவரை அவனை நினைக்க முயற்சி வேண்டியிருந்தது. கூடத்தில் அமர்ந்தோரின் மனம் வீட்டுக்கும் வழக்குமன்றத்துக்கும் சம்பளத்துக்கும் ஓடிற்று. போனபின் நினைக்க முயற்சி வேண்டியதில்லை. உருட்டாத மாலை உருள்கிறது. உண்ணும்போதும் உறங்கும்போதும் நினைவு அறாமல் ஒழுகுகிறது. உந்தியாரில் விட்டுவிட்டு நினைப்பதினும் மேலென்று அவன் வைத்த படி அதுவே. செபத்தாலும் மூச்சடக்கத்தாலும் யாம் ஏற முயன்று சறுக்கிய படியில், துயர் எம்மைத் தூக்கி வைத்துவிட்டது. அழுகை அறியாமை என்றால், இவ்வறியாமை எமக்கு ஆகும்.

ஒருவேளை இதற்காகத்தான் போனாயோ? மனத்தைக் கேட்டாய்; பாதி கொடுத்தோம், பாதியை ஒளித்துவைத்தோம். ஒளித்துவைத்ததையும் எடுத்துக்கொள்ள, இருந்து வாங்கமுடியாததைப் போய் வாங்கினாயோ? அப்படியானால் நீ அருளாளன் என்று சொல்வதினும் வன்கண்ணன் என்று சொல்வதே பொருந்தும். அட்சரமணமாலையில் நீயே உன் தலைவனை ஏசியவன். எம் ஏச்சை நீ பொறுப்பாய்.

மறுநாள், 1950 ஏப்ரல் 15 மாலை, பழைய கூடத்துக்கும் அன்னை கோயிலுக்கும் இடையே குழி அகழ்ந்து அமர்த்தினர். திருநீறும் கருப்பூரமும் இட்டு மூடினர். கூட்டம் கலைந்தது. அன்பர் பலர் அவரவர் ஊர் சென்றனர். சிலர் மீண்டு வரவில்லை. அடுக்களை அடுப்பு சில காலம் தணிந்தே எரிந்தது.

முருகனார் போகவில்லை. இராமநாதபுரத்தில் பிறந்த தமிழ்ப் பண்டிதர் அவர், சென்னையில் பள்ளியாசிரியர். 1923இல் தேவாரம் போல ஒரு பதிகம் பாடி எடுத்துவந்து அவன் முன் நின்றார். படிக்க நா எழவில்லை. பாட்டை அவனே வாங்கிப் படித்தான். சில ஆண்டில் வேலையை விட்டு வந்துவிட்டார். அதன்பின் அவன் ஒருவனையன்றி எதையும் பாடவில்லை. இரமண சந்நிதிமுறை அவர் பாடியது. உந்தியார் அவர் கேட்டதால் பிறந்தது. பாரிக்குப் பின் கபிலர் வடக்கிருந்து மாய்ந்தார் என்பது மரபு. கோப்பெருஞ்சோழன் பொத்தியாரை, உனக்குப் புதல்வன் பிறந்தபின் வா என்று திருப்பி அனுப்பினான். அவர் வந்தபோது நடுகல்லே எதிர்நின்றது. முருகனார்க்கு அவ்விரு வழியும் வாய்க்கவில்லை. வடக்கிருக்கவும் இல்லை, ஊர் திரும்பவும் இல்லை. தலைவனில்லாத அதே மலையடியில் இருந்துகொண்டு, அவன் முன்னே நிற்பதுபோலவே, நாள்தோறும் பாடிக்கொண்டிருந்தார். கிடைத்த தாளில் எழுதினார். எழுதியதைச் சேர்த்துவைக்கும் கவலை அவர்க்கு இல்லை. அவனிடம் முழுக்கக் கொடுத்துவிட்ட மனம் அந்த ஒருவரிடம் இருந்தது என்று சொல்லத் துணிகிறோம். அழுகைக்கும் பாட்டுக்கும் அவரிடம் வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் மாய்ந்தது 1973இல். இருபத்து மூன்று ஆண்டுகள் அவன் இல்லாத திருவண்ணாமலையில் இருந்தார். அவர் விட்டுச்சென்ற தாள்களில் பாட்டு ஆயிரக்கணக்கில் இருந்தது. அவற்றுள் பெரும்பகுதி அவர் காலத்துக்குப் பின்னரே அச்சேறியது.